விட முடியாத உயிர்

ஆனைமலைத் தொடரில் தென்மேற்குப் பருவமழை இறங்கிய பின் ஓடைக்கரைப் புதர்களை உற்றுப் பார்த்தால் மலபார் குழிவிரியன் கண்ணில் படும். பாலக்காட்டுப் பக்கம் பரம்பிக்குளமும் நெல்லியாம்பதியும், இடுக்கிப் பக்கம் மூணாறும் தேக்கடியும் என்று ஈரம் தங்கும் மலையெல்லாம் அதற்குச் சொந்தம். இனம் ஒன்றுதான். ஆனால் ஒன்று பாசிப் பச்சையாக இருக்கும், அடுத்தது மஞ்சளாக, மற்றொன்று காய்ந்த சருகின் பழுப்பாக, எப்போதாவது ஒன்று செம்மஞ்சளாக. ஒரே ஓடையின் இரு கரைகளில் இரு நிறங்கள் கிடக்கலாம். ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல; எந்த நிறமானாலும் கையை எங்கே வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த நிறங்களை யாரும் கேட்டு வாங்கவில்லை. பாசியும் சருகும், மேலே வட்டமிடும் பருந்தின் கண்ணும், கீழே தத்தி வரும் தவளையின் கவனமின்மையும் எண்ணற்ற தலைமுறைகளாகச் சேர்ந்து அவற்றைத் தீர்மானித்தன. பார்ப்பவர் யாருமில்லாத மழை இரவிலும் அந்தப் பச்சை பச்சையாகவே இருக்கிறது. அதன் உடலில் உள்ள நிறம் அது வாழும் உலகத்தோடு அது செய்துகொண்ட உடன்பாடு.

இதே மலைகளை ஒட்டிய ஊர் ஒன்றில், கொல்லங்கோடு என்றோ குமுளி என்றோ வைத்துக்கொள்வோம், ஒரு வீட்டு அலமாரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கார்ன் ஸ்நேக் சுருண்டிருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த இனம் அது. 1766-ல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். விஷமில்லாதது; எலியைச் சுற்றி இறுக்கித் தின்பது; தானியக் குதிர்களின் பக்கம் நடமாடிப் பழகியது. பிறந்த காட்டில் அதன் உடல் செம்பழுப்பு, அதன்மேல் கருங்கரை கட்டிய சிவந்த திட்டுகள், வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். பெட்டிக்குள் இருப்பதோ பால்வெள்ளை, கண் இளஞ்சிவப்பு. வளர்ப்பவர்கள் இதை ஸ்னோ என்பார்கள். பக்கத்துப் பெட்டியில் சாம்பல் கலந்த ஊதா, அது லாவெண்டர். அழகுதான், ஐயமில்லை. ஆனால் அந்த அழகின் முன் சற்று நேரம் நின்றால் நம்மை ஒரு கேள்வி தொடும்: இந்த நிறம் யாருக்காக?

பாம்புக்காக இருக்க முடியாது. அது தன் இணையை நாவால் நுகர்ந்து தேடுகிறது. வெள்ளை என்பதற்காக நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. காட்டில் வெள்ளையாகப் பொரிந்த குஞ்சு முதல் பருந்தின் பார்வை வரைதான் பெரும்பாலும் உயிரோடிருக்கும். ஆகவே இந்த நிறம் நம் கண்ணுக்காக உண்டானது. குழிவிரியனின் நிறத்தைக் காடு தேர்ந்தது. இதனுடையதை நாம் தேர்ந்தோம். தேர்ந்தவர் மாறும்போது, அந்த உயிருக்கு யார் பொறுப்பு என்ற கணக்கும் மாறுகிறது.

கதையின் தொடக்கம் எளிமையானது. 1953-ல் வட கரோலினாவில் உடலில் கறுப்பே இல்லாத ஒரு கார்ன் ஸ்நேக் பிடிபட்டது. எச். பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர், மனிதத் தோலின் நிறத்தைப் பற்றி அறிந்தவர், அந்த ஒற்றைப் பாம்பின் வழியாக 1960-களின் தொடக்கத்தில் அதே போன்ற குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தார். அவரை உந்தியது வியாபாரம் அன்று, அறியும் ஆவல். மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்த மெண்டல் 1866-ல் அச்சிட்ட கணக்கு, பாம்பிடமும் பிசகாமல் செல்லுபடியாகிறது என்பதே அவர் கண்டது. கறுப்பை உண்டாக்கத் தவறும் கூறு ஒன்று. சிவப்பை உண்டாக்கத் தவறும் கூறு வேறொன்று. இரண்டையும் வெளித்தெரியாமல் சுமக்கும் தாயும் தந்தையும் இணைந்தால், கணக்கின்படி 16 குஞ்சுகளில் ஒன்று இரண்டு நிறமும் இழந்து வெள்ளையாக வரும்.

மீதி 15? இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 16-ல் 9 குஞ்சுகள் காட்டில் இருப்பது போலவே பிறக்கின்றன. 3 கறுப்பின்றி, 3 சிவப்பின்றி. ஒரே தாயின் முட்டைகள். ஒரே வெப்பத்தில், ஒரே ஈரத்தில், ஏறத்தாழ இரண்டு மாதம் கிடந்து ஒரே வாரத்தில் ஓட்டைக் கிழித்து வந்தவை. வெள்ளைக் குஞ்சுக்குப் படம் எடுக்கப்படுகிறது, விலை சொல்லப்படுகிறது, பெயர் வைக்கப்படுகிறது. காட்டு நிறத்தில் பிறந்ததோ அந்த வீட்டில் அதிகப்படி. அதற்குள் வெள்ளை ஒளிந்திருக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தால் 'ஹெட்' என்று சொல்லி, அதன் பிள்ளைகளின் பேரில் அதற்கு ஒரு விலை வைப்பார்கள். அந்த நம்பிக்கையும் இல்லாவிட்டால் மலிவாகப் போகும், அல்லது போகாமலே இருக்கும். வெளிநாட்டுப் பண்ணைகள் சிலவற்றில் அப்படிப்பட்டவை வேறு பாம்புகளுக்கு இரையாவதும் உண்டு. ஓர் உயிர் தான் தானாக இருப்பதாலேயே குறையுடையதாகிவிடும் இடம் அது. தன் இனத்தின் முழுமையான நிறத்தோடு, ஒன்றும் இழக்காமல் பிறந்ததுதான் அங்கே ஏமாற்றம்.

இந்த இடத்தில் அறிவியல் நம்மிடம் ஒரு கண்ணாடியை நீட்டுகிறது. கார்ன் ஸ்நேக்கின் கறுப்பை அழிக்கும் மாற்றம் ஓ.சி.ஏ.2 என்ற மரபணுவில் நேர்கிறது என்று ஜெனீவாவைச் சேர்ந்த ஆய்வுக் குழு 2015-ல் வெளியிட்டது. மனிதரில் தோலும் முடியும் கண்ணும் நிறமிழந்து பிறக்கும் வகைகளில் ஒன்றுக்குக் காரணமானதும் அதே மரபணு. லாவெண்டர் நிறத்தின் மூலம் லிஸ்ட் என்ற மற்றொரு மரபணு என்று 2020-ல் தெரியவந்தது. மனிதரில் அது பழுதானால் குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றலே சிதையும் கொடிய நோய் வருகிறது. பாம்பும் நாமும் அவ்வளவு நெருங்கிய உறவு. ஆனால் பாம்பில் வெள்ளைக்குக் கூடுதல் விலை. மனிதரில் அதே வெள்ளையோடு பிறந்த பிள்ளைக்குத் தெருவில் ஏளனம், பள்ளியில் கடைசி பெஞ்சு, கல்யாணப் பேச்சில் தயக்கம். ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அவர்களைக் கொல்லவே துணிகிறார்கள். மரபணு மாறவில்லை. நம் பார்வையின் தேவை மட்டும் மாறியது. அதன்படி ஒரு வெள்ளை அரிய பொருளாகவும் மற்றொரு வெள்ளை அபசகுனமாகவும் ஆனது. நாம் நிறத்தைப் பார்ப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலும் நம் ஆசையையும் அச்சத்தையும்தான் அதன்மேல் பூசிப் பார்க்கிறோம்.

ஆசைக்கு இன்னொரு குணமும் உண்டு. அரிதானதை அது விரும்புகிறது, விரும்பியதைப் பெருக்குகிறது, பெருகியதும் அது அரிதாக இருப்பதில்லை, எனவே அடுத்ததைத் தேடுகிறது. பெக்டெலின் காலத்தில் அதிசயமாக இருந்த கறுப்பிலாப் பாம்பு இன்று உலகச் சந்தையில் மிக மலிவானவற்றுள் ஒன்று. அதன்பின் இரண்டு கூறுகள் சேர்ந்தவை, மூன்று சேர்ந்தவை, கோடு மாறியவை, திட்டு மறைந்தவை, செதிலே இல்லாதவை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. செதிலே இல்லாத பாம்பு! பாம்பு என்று நாம் அறிந்ததில் பாதியைக் கழற்றிவிட்டு, மீதியைப் புதுமை என்று விற்பது. இதில் கடைசி நிறம் என்று ஒன்று வரப்போவதில்லை, ஏனெனில் தேடப்படுவது நிறமே இல்லை; பிறரிடம் இல்லாதது நம்மிடம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நிறத்தின் உருவில் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறது.

தேர்வு ஒரு குணத்தைக் குறிவைக்கும், உயிரோ முழுதாகத்தான் பிறக்கும். கார்ன் ஸ்நேக்கில் சன்கிஸ்டு என்ற நிறவகைக்காக இணை சேர்க்கப்பட்ட வம்சங்களுக்குள் நரம்புக் கோளாறு ஒன்று கூடவே ஏறிவந்தது. அந்தக் கோளாறுள்ள குஞ்சு தலையை மேலே திருகி, வானத்தைப் பார்ப்பது போல நின்று, நிலை தடுமாறிப் புரளும். ஸ்டார்கேசர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நட்சத்திரம் பார்ப்பதாம். துன்பத்துக்கு இவ்வளவு இனிமையான பெயர் சூட்ட மனிதனால்தான் முடியும். பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பில் ஸ்பைடர் என்ற நிறவகையின் கதை இன்னும் கனமானது: அங்கே நிறமும் தள்ளாட்டமும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாதவை. அந்தப் பாம்புகளின் உள்காதே உருத்திரிந்திருப்பதை 2022-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நேர்மையான வளர்ப்பாளர்கள் சன்கிஸ்டு வம்சங்களைச் சோதித்து, குறையைச் சுமப்பவற்றை இணை சேர்க்காமல் ஒதுக்கினார்கள். ஸ்பைடரைக் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள், விடாதவர்களும் இருக்கிறார்கள்.

வளர்ப்பவர்களின் தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பாம்பு என்றாலே தடி எடுக்கும் நாட்டில், ஒரு குழந்தை கார்ன் ஸ்நேக்கைக் கையில் ஏந்தி அதன் குளிர்ந்த, உலர்ந்த உடலை உணர்ந்துவிட்டால், வயலில் ஓடும் சாரையை அடிக்க அதன் கை எழாது என்பார்கள். பாதி உண்மை. அச்சம் தொடுகையில் கரைவது மெய்தான். ஆனால் கரைந்த அச்சம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். பாலக்காடு கேரளத்தின் நெற்களஞ்சியம். அந்த நெல்லை எலியிடமிருந்து கூலியின்றிக் காக்கும் சாரையை நல்ல பாம்பு என்று மயங்கியோ, மயங்காமலுமோ நாம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கார்ன் ஸ்நேக்குக்கு நம் நாட்டிலேயே நெருங்கிய உறவினர் உண்டு. ஆங்கிலத்தில் டிரிங்கெட் என்று அழைக்கப்படும் நம் பாம்பும் கார்ன் ஸ்நேக்கும் சில பத்தாண்டுகளுக்கு முன்வரை ஒரே பேரினத்தில் வைத்து எண்ணப்பட்டவை. தோட்டத்துக்கு வரும் அந்த உறவினருக்கு மண்வெட்டியின் முதுகு. கடல் கடந்து வந்தவருக்கு வெப்பவிளக்கும் கண்ணாடி மாளிகையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள், உலகில் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் இல்லாதவை, மழைக்கு வெளியே வந்து தேயிலைச் சாலைகளில் சக்கரத்தடியில் நசுங்குகின்றன. அவற்றில் சிலவற்றின் வயிற்றுச் சிவப்பையும் மஞ்சளையும், ஈரத்தில் அந்தத் தோல் காட்டும் வானவில் மினுமினுப்பையும் எந்த வளர்ப்பாளரும் எட்டியதில்லை. அவற்றைப் புழு என்று எண்ணிக் கடந்துபோகிறோம்.

சட்டமும் இந்த முரணை வேறொரு வகையில் திருப்பிச் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருக்க விடாது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சாரை முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. அயல்நாட்டு உயிர்களுக்கு, அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவற்றுக்கு, 2024-ல் பதிவு விதிகள் வந்தன. பிறப்பையும் இறப்பையும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலிலும் இல்லை. காட்டில் அதற்கு ஆபத்தில்லை என்பதால் உலகம் அதைக் கணக்கெடுக்கவில்லை. நம் காட்டைச் சேர்ந்தது அல்ல என்பதால் நாமும் எடுக்கவில்லை. எவருடைய ஏட்டிலும் இல்லாத உயிர். 2023 டிசம்பரில் பாங்காக்கிலிருந்து மும்பை வந்த ஒரு பயணியின் பையில் பிஸ்கட், கேக் பொட்டலங்களுக்குள் 9 பால் பைத்தான்களும் 2 கார்ன் ஸ்நேக்குகளும் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த பெட்டியில் 47 மலைப்பாம்புகள். பிடிபட்ட பாம்புகளுக்கு நாம் செய்ய முடிந்தது மும்பையில் செய்ததுதான்: ஏறி வந்த ஊருக்கே விமானம் ஏற்றித் திருப்பி அனுப்புவது. அவை பாங்காக்கையும் சேர்ந்தவை அல்ல. ஒன்றின் வேர் ஆப்பிரிக்கா, மற்றதன் வேர் அமெரிக்கா. அங்கேயும் அவற்றுக்குத் திரும்பிப்போகக் காடில்லை, ஏனெனில் இந்த வணிகத்தில் புழங்கும் நிறங்களில் பெரும்பாலானவை எந்தக் காட்டிலும் பிறந்தவை அல்ல.

மற்ற எந்தச் சிறைக்கும் கதவு உண்டு. கூண்டுக்கிளியைத் திறந்துவிட்டால் பறந்து போகும் என்று நம்புகிறோம், பிடிபட்ட யானைக்குக் காடு இன்னும் நினைவிருக்கும் என்று ஆறுதல் கொள்கிறோம். நிறத்துக்காக உண்டாக்கப்பட்ட பாம்புக்கு அந்த ஆறுதல் இல்லை. அதைக் காட்டில் விட்டால் அது கொல்லப்படும். கொல்லப்படாவிட்டால் அது கொல்லும். இரண்டாவது நேர்ந்த இடங்களை உலகம் பார்த்துவிட்டது. கானரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனாரியாவில் கலிபோர்னியா கிங்ஸ்நேக் 1998-ல் முதன்முதலாகப் பதிவானது. வீடுகளிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகின. அவற்றுள் நிறம் வெளுத்தவையும் கோடு மாறியவையும் நிறைய, அதாவது வளர்ப்பாளரின் கைவண்ணம் முதுகிலேயே எழுதப்பட்டவை. பாம்பையே அறியாமல் வளர்ந்த அந்தத் தீவின் பெரும்பல்லிகள், பாம்பு பரவிய பகுதிகளில் ஏறக்குறைய இல்லாமலே போயின. வெள்ளைப் பாம்பு வாழாது என்ற நம் உறுதியும் எல்லா இடத்திலும் மெய்யாகவில்லை.

நம் மலைகளுக்கும் இது அயலார் கதை இல்லை. 2018 ஆகஸ்டில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்பட்டன. அந்த வெள்ளம் வடிந்த பின், பரம்பிக்குளத்து நீரும் போய்ச் சேரும் சாலக்குடி ஆறு உள்ளிட்ட கேரள ஆறுகளில் அமேசான் நதியின் அரபைமாவும் வட அமெரிக்காவின் முதலைமூஞ்சி மீனும் வலைகளில் விழுந்தன. யாரோ குட்டையிலும் தொட்டியிலும் வளர்த்தவை. அவரவர் வீட்டில் அவை அழகாக இருந்திருக்கும். வெள்ளம் சொந்தக்காரர்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இந்தக் கணக்கில் இன்னும் ஆழமான ஒரு திருப்பம் உண்டு. கார்ன் ஸ்நேக்கின் தாயகங்களில் ஒன்று புளோரிடா. வடகிழக்கு இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை வாழும் பர்மிய மலைப்பாம்பு, செல்லப்பிராணி வணிகத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்து, எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டில் தப்பியும் விடப்பட்டும் நிலைகொண்டது. அந்தக் காட்டில் ராக்கூன் தென்படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2012-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடை செய்தது. காலம் கடந்த தடை. கடைசியில் 2017-ல் புளோரிடா யாரை அழைத்தது தெரியுமா? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். தடம் பார்த்து, எச்சம் பார்த்து, புல் மடங்கிய விதம் பார்த்துப் பாம்பிருக்கும் இடம் சொல்லும் அவர்கள், போன முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆசியாவின் பாம்பு அங்கே பேரழிவு. அங்குள்ள பாம்பு இங்கே அலங்காரம். நடுவில் இரு எளிய மனிதர்கள் கடல் கடந்து போய், பிறர் ஆசைப்பட்டு வளர்த்துப் பின் சலித்துக் கைவிட்டதைப் புல்லுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பாலக்காட்டின் அட்டப்பாடியிலும் இருளர்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய இனத்தார் வடநெம்மேலியில் 1978-ல் அமைத்த கூட்டுறவுச் சங்கம், பாம்போடு மனிதன் கொள்ளும் உறவில் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கேயும் பாம்பைப் பிடிக்கிறார்கள், பானையில் அடைக்கிறார்கள், தம் தேவைக்காகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சில வாரங்களில் விஷம் எடுத்து முடிந்ததும் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். கொண்டுவந்த நாளிலேயே திருப்பி விடும் நாளும் குறிக்கப்பட்டுவிடுகிறது. கேரள வனத்துறை 2020 முதல் பயிற்சியும் சான்றும் கொடுத்து உருவாக்கிய பாம்பு மீட்பாளர்களும் இதையே செய்கிறார்கள்: வீட்டுக்குள் வந்ததை எடுத்துக் காட்டுக்குள் விடுகிறார்கள். இவற்றைவிடப் பழைய வழி ஒன்றும் கேரளத்தில் உண்டு. வீட்டுமனையின் ஒரு மூலையில் மரம் வெட்டாமல், சருகு கூட்டாமல், கால் வைக்காமல் ஒரு துண்டு நிலத்தைப் பாம்புகளுக்கென்றே விட்டுவைத்தார்கள், சர்ப்பக்காவு என்றார்கள். ஹரிப்பாட்டுக்கு அருகே மண்ணாறசாலை போன்ற பெருங்காவுகளில் இன்றும் வழிபாடு நடக்கிறது. வீட்டுக் காவுகள் பாகப்பிரிவினையில் சுருங்கிச் சுவர்களுக்குள் கரைந்துவருகின்றன. காவை வைத்தவர்கள் பாம்பைப் பார்க்க ஆசைப்படவில்லை. பார்க்காமலிருக்கவே அந்த இடத்தை விட்டார்கள். அதில் அச்சமும் கலந்திருந்தது, மெய்தான். ஆனாலும் தன் நிலத்தில் தனக்கில்லாத இடம் ஒன்று இருக்க வேண்டும் என்ற ஒப்புதல் அந்த அச்சத்துக்குள் இருந்தது.

காவில் நாம் விலகி நின்றோம். இருளர் சங்கத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தோம். கண்ணாடிப் பெட்டியிலோ திருப்பிக் கொடுக்கவே முடியாத ஒன்றை உண்டாக்கியிருக்கிறோம். உடைமை என்ற சொல்லுக்கு நாம் இதுவரை கொண்ட பொருள் இங்கே தடுமாறுகிறது. ஒன்று நமக்கு உடைமை என்றால் அதை வைத்துக்கொள்ளவும் விட்டுவிடவும் நமக்கு உரிமை இருக்க வேண்டும்; வைத்துக்கொள்ள மட்டுமே முடிந்து, விடுவதே அதற்கும் பிறவற்றுக்கும் கேடாகும் நிலையில், கட்டியவர் யார், கட்டுண்டவர் யார் என்ற கோடு மறைந்துபோகிறது. நம் கண்ணுக்காகப் படைத்த உயிர் நம் கண்ணுக்கு முன்னாலேயே வாழ்ந்து முடிய வேண்டும் என்றால், நம் கண்ணும் அதுவரை அதைவிட்டு அகலக் கூடாது. ஆசை தீர்ந்த பிறகும், புதிய நிறம் வந்த பிறகும், விலை விழுந்த பிறகும், வீடு மாறிய பிறகும், வேலைக்காகப் பிள்ளைகள் வெளியூர் போன பிறகும் அந்தப் பெட்டியின் வெப்பத்தைச் சரிபார்க்க ஒரு கை வேண்டும். பெற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பட்டிருப்பதும் கடன்தான், ஆனால் ஒரு நாள் பிள்ளை தன் காலில் நிற்கும் என்ற நம்பிக்கை அந்தக் கடனை இலகுவாக்குகிறது. வெள்ளைப் பாம்பு எந்த நாளிலும் தன் காலில் நிற்கப்போவதில்லை. தன்னை விட்டால் வேறு கதியில்லாத ஓர் உயிரை மனம் போன போக்கில் வரவழைத்துவிட்டு, பிறகு அதனிடம் அன்பாக இருப்பதைக் கருணை என்று நாம் அழைத்துக்கொள்கிறோம். அது நாமே வாங்கிய கடனுக்கு நாம் கட்டும் வட்டி, அசலை அதனால் ஒருநாளும் அடைத்துவிட முடியாது.

நன்றாகப் பராமரித்தால் கார்ன் ஸ்நேக் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். இந்த மழைக்காலத்தில் பொரியும் குஞ்சு 2040-களிலும் சட்டை உரித்துக்கொண்டிருக்கலாம். ஒரு பெண் பாம்பு ஒரு தடவையில் 10 முதல் 20 முட்டைகள் வரை இடுகிறது. அடுத்த ஆண்டு மறுபடி இடும். அவற்றையெல்லாம் பொரிக்கவைக்கத்தான் வேண்டும் என்று இயற்கை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இணையை ஒரே பெட்டிக்குள் விடுவதும் விடாததும் முழுக்க ஒரு மனிதனின் கையில் இருக்கிறது. அறம் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் செயலுக்குப் பின்தான் வந்து சேர்கின்றன. இந்தச் செயலிலோ கேள்வி முன்னாலேயே வந்து, பெட்டியின் மூடியைத் திறக்கும் கையருகே காத்து நிற்கிறது. அது நிறத்தைப் பற்றிய கேள்வியும் இல்லை. வெள்ளையோ செம்பழுப்போ, வரப்போகும் ஒவ்வொன்றுக்கும் 20 ஆண்டுகளுக்கு ஒரு வீடு உண்டா என்பதுதான்.

வளர்ப்பவர்களில் ஒரு சிலர் இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். விற்கும்போதே, உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் என்னிடமே கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். எந்தப் பாம்பு எந்தத் தாய் தந்தைக்குப் பிறந்தது, யாரிடம் போயிற்று, எப்போது செத்தது என்று, சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் திரும்பி வரக்கூடியவற்றுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். ஆகவே இன்குபேட்டரில் வைக்கும் முட்டைகளின் எண்ணிக்கையை அவர்கள் சந்தையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வீட்டு அலமாரியில் எத்தனை தட்டு ஒழிவாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பல ஆண்டுகள் அந்த எண்ணிக்கை பூஜ்யமாகவே இருந்துவிடும்.